கணக்கில் வராத வைக்கோல்: 2016–17 தமிழக வறட்சியில் பயிரும் கால்நடையும்

2017 ஜனவரி 10 அன்று, தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். நிலவரி தள்ளுபடி செய்யப்பட்டது. பயிர்க்கடன்கள் மத்தியகாலக் கடன்களாக மாற்றப்பட்டன. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பயிர்களுக்கு இடுபொருள் நிவாரணம் உண்டு என்றும் சொல்லப்பட்டது: நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய், நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய். அந்த வறட்சியை மழையளவு, காவிரி, கடன், தற்கொலை என்று பல கோணங்களில் பலர் எழுதிவிட்டார்கள். வயலில் நெல் கருகியது எப்படித் தொழுவத்தில் மாட்டை வீழ்த்தியது, அந்த இழப்பு ஏன் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே இழப்பின் இரு பாதிகள். அரசு ஒன்றை மட்டுமே அளந்தது.

மழை எவ்வளவு குறைந்தது

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை தமிழகத்தில் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைவு. அது மட்டுமாக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். தமிழகம் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை, 2016இல் 168.3 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. 62 விழுக்காடு பற்றாக்குறை. டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல்கூட வட கடலோரத்தைத் தாண்டிப் பெரிதாக எதையும் நனைக்கவில்லை.

ஆற்று நீரும் கைவிட்டது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட வேண்டும். 2012 முதல் தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக 2016இலும் அந்தத் தேதியில் திறக்கப்படாததால், ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவர்களுக்குக் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெற்பயிர்) இல்லை. செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் விநாடிக்கு 15,000 கனஅடி நீர் விடும்படி கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. ஒரே வாரத்தில் அது 12,000 ஆகக் குறைக்கப்பட்டது. தை, மாசியில் அறுவடையாகும் சம்பா நெல்லுக்காக மேட்டூர் செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தது. நாற்றங்கால் விட நேரமில்லாத, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை விவசாயிகள் நேரடி விதைப்பு செய்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். அந்த வேளையில்தான், நவம்பர் 8 அன்று பெரிய நோட்டுகள் செல்லாதவை ஆயின. நவம்பர் 14 முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்றும் ஆனது. கூட்டுறவுச் சங்கத்தில்தான் கடனும் உரமும் வாங்கிக்கொண்டிருந்த டெல்டாவில், களையெடுக்கவும் உரம் போடவும் பணம் புரளாமல் போனது.

வயலில் நடந்தது

நெற்பயிர் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவுக்குத் தாகத்தால் சாவதில்லை. தூர் கட்டும் பருவத்தில் பத்து நாள் காய்ந்தாலும், பிறகு நீர் கிடைத்தால் ஓரளவு மீண்டுவிடும். கதிர் உறைக்குள் திரளும் பொதிப்பருவத்திலும் கதிர் வெளிவரும்போதும் காய்ந்தால் மீட்சி இல்லை. மகரந்தம் உருவாகும் நாட்களில் நீர் குறைந்தால் அது மலடாகிறது. கதிர் பாதி உறையிலேயே சிக்கிக்கொள்கிறது. வெளிவந்த கதிரும் வெளுத்து நிமிர்ந்து நிற்கிறது. நெல் முற்றிய கதிர் தலை சாயும். அந்த மார்கழியில் டெல்டாவின் கடைமடைப் பகுதிகளில் கதிர் வந்த வயல்களிலும் அது சாயவே இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உமி மட்டும் மிஞ்சியது. பல இடங்களில் அந்தக் கட்டம்கூட வரவில்லை. முழங்கால் உயரத்திலேயே பயிர் கருகி, வெடித்த மண்ணோடு ஒட்டி நின்றது. அதில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்தார்கள். அந்தப் படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. மாநிலத்தின் அந்த ஆண்டு நெல் உற்பத்தி முந்தைய ஆண்டின் பாதியைக்கூடத் தொடவில்லை.

சம்பாவைக் கொன்றது வறட்சி. அதற்குப் பிறகு கிணற்று நீரில் கோடைப்பயிர் வைத்துப் பார்த்தவர்களை அடித்தது வெயில். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுகிறது. அதே பயிருக்கு, அதே நிலத்தில், கூடுதல் தண்ணீர் தேவைப்படுகிறது. கிணறோ இறங்கிக்கொண்டே போகிறது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம் போதும், பூக்கள் மலடாகத் தொடங்குகின்றன. இரவு வெப்பம் இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் பண்ணையின் 25 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு இது: கோடைப் பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. தக்காளி, மிளகாய் போன்றவை பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிட்டு, செடியாக மட்டும் பச்சையாக நின்று ஏமாற்றும்.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இழப்பு அந்த ஆண்டில் தெரியாது. ஒரு பாளை குருத்துக்குள் அரும்பாகத் தோன்றி விரிய ஏறத்தாழ 32 மாதங்கள் ஆகின்றன. விரிந்த பாளையின் காய் முற்ற மேலும் 12 மாதங்கள். 2016–17இல் மரம் பட்ட தாகம், அப்போது அரும்பாக இருந்த பாளைகளில் 2019, 2020 வரை காய்ப்புக் குறைவாகக் கணக்குத் தீர்த்தது. குரும்பை உதிர்வதும் மட்டை தொங்குவதும் உடனே கண்ணில் படும். உள்ளே சிதைந்த அரும்பு படாது. 2016இல்தான் பொள்ளாச்சியில், தென்னை ஓலையின் சாற்றை உறிஞ்சும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மழை குறைந்த, வெயில் கூடிய ஆண்டு அதற்குத் தோதாக அமைந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மரங்கள் மீளத் தொடங்கிய நேரத்தில், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து அவற்றைச் சாய்த்தது.

வைக்கோல் வழியாகத் தொழுவத்துக்கு

சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். அப்போது போடும் வைக்கோல் போர்தான் பங்குனியிலிருந்து அடுத்த மழை வரை மாட்டைக் காப்பாற்றும். கோடையில் மேய்ச்சல் இல்லை, வரப்பில் புல் இல்லை, ஏரிக்கரை காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட நான்கைந்து மாதங்களைக் கடப்பதற்கென்றே வைக்கோல் இருக்கிறது. 2017இல் கோடை தொடங்கும்போது போர் போட எதுவுமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெல்லும் வைக்கோலும் ஏறத்தாழ சம எடைக்கு வரும். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் விளைந்தால், இரண்டு டன் வைக்கோல் கிடைக்கும். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ உலர்தீவனம் என்று வைத்துக்கொண்டால் அது 330 நாட்களுக்கு வரும். ஆக, ஓர் ஏக்கர் சம்பா ஒரு மாட்டின் ஒரு வருட உலர்தீவனம். (இயந்திரத்தில் அறுத்தால் கணிசமான பகுதி நொறுங்கி வயலிலேயே போய்விடும், அதை இங்கே கழிக்கவில்லை.) அந்த ஏக்கர் கருகியபோது நெல்லோடு அந்த மாட்டின் வருடமும் போனது.

இனி நிவாரணத்தைப் பாருங்கள். பேரிடர் நிவாரண நிதிக்கு 2015 முதல் 2020 வரை நடைமுறையில் இருந்த விதிகள், முகாமில் வைத்துப் பராமரிக்கும் ஒரு பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு 70 ரூபாய் என்றும், ஆடு போன்ற சிறியவற்றுக்கு 35 ரூபாய் என்றும் நிர்ணயித்திருந்தன. ஒரு மாட்டை உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும் என்பதற்கு அரசே ஒப்புக்கொண்ட தொகை இது. ஏக்கருக்குக் கொடுத்த 5,465 ரூபாயை அந்த 70ஆல் வகுத்தால் 78 நாட்கள். விதை, உழவு, உரம், களை, போன நெல் எதற்கும் ஒரு பைசா எடுக்காமல், முழுத் தொகையையும் ஒரே மாட்டின் வாயில் போட்டாலும் மாசியில் தொடங்கி சித்திரையைத் தாண்டாது.

பயிர்க் காப்பீடும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு அது. தமிழகத்துக்கு வந்த இழப்பீடு 3,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தாமதமாக வந்தாலும் பல குடும்பங்களை அது நிமிர்த்தியது என்பதை மறுக்கவில்லை. ஆனால், இழப்பை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் எடை போடுவது தானியத்தை மட்டும். வைக்கோலைத் தராசில் வைப்பதில்லை. சொந்த நிலம் இல்லாமல், அறுப்புக் கூலியாக நெல்லும் வைக்கோலும் வாங்கி, இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இந்த ஏட்டில் பெயரே இல்லை. அவளுக்கு அடங்கல் (சாகுபடிப் பதிவு) கிடையாது, பட்டா கிடையாது, சேதக் கணக்கெடுப்பும் கிடையாது. கிராமத்தில் வறட்சியை முதலில் உணர்ந்தவள் அவள்.

மாட்டின் உடலுக்குள்

வைக்கோல் இருந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நெல் வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு விழுக்காடுதான். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தீவனத்தில் குறைந்தது 7 விழுக்காடு புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் வயிறு நிறைந்திருக்கும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும். வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. நார் மிகுந்த தீவனம் செரிக்கும்போது வயிற்றுக்குள் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. வெளியே 40 டிகிரி, உள்ளே செரிமானச் சூடு. தன் உடல் வெப்பத்தை 38.6 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டுக்குத் தெரிந்த ஒரு வழி, தின்பதைக் குறைப்பது. பசுந்தீவனம் எளிதில் செரிக்கும், சூடும் குறைவு. அது கிடைக்காத மாதங்களும் இவைதான்.

ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பின மாடுகள் முதலில் தளரும். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் வெப்ப-ஈரப்பதக் குறியீடு 72ஐத் தாண்டினாலே அவற்றின் கறவை இறங்கத் தொடங்குகிறது. நம் கோடையில் அந்த அளவு காலை எட்டு மணிக்கே வந்துவிடும். மாடு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். பிறகு வாயைத் திறந்து, நாக்கு தொங்க மூச்சிரைக்கும். எச்சில் நூலாக ஒழுகி மண்ணில் சேரும். அந்த எச்சிலில் போவது வெறும் நீர் அன்று. வயிற்றின் புளிப்பை அடக்கும் பைகார்பனேட்டும் சேர்ந்தே போகிறது. வயிறு புளித்தால் பாலில் கொழுப்பு குறையும், சொசைட்டியில் பாலுக்கு விலையும் குறையும். கறவை மாட்டுக்குக் கோடையில் நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை தண்ணீர் தேவை. வீட்டுக்கே குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோல் கறுப்பு. குட்டையில் கிடந்துதான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஏரி குளம் வறண்டால் எருமையின் சினைப்பருவ அறிகுறி வெளியே தெரியாமலேயே கடந்துவிடும். சினை ஊசி போடும் நாள் தவறும். அடுத்த ஈற்று ஆறேழு மாதம் தள்ளிப்போகும். மாதக்கணக்கில் பச்சையே தின்னாத மாட்டுக்கு வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வரும், பார்வையில்லாத கன்றுகளும் பிறக்கும். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் சிக்கல் வேறு விதம். கோழிக்கு வியர்க்காது. மூச்சிரைத்து மூச்சிரைத்துக் கரியமில வாயுவை இழப்பதில் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, முட்டை ஓடு மெலிந்து வண்டி ஏறுமுன்பே விரிசல் விடும்.

கொங்கு நாட்டின் ஒரு பகுதி இதைச் சற்று நன்றாகத் தாங்கியிருக்க வேண்டும். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடுகள் வறட்சிக்கென்றே அமைந்த மேய்ச்சல் நிலங்கள்: கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காய் உதிர்ந்து செம்மறிகளைக் காப்பாற்றும். ஆனால், இரண்டு பருவ மழையும் தவறினால் கொழுக்கட்டைப்புல்லின் தூரே செத்துவிடும். மறுபடி விதைத்து, மேயவிடாமல் காத்தால்தான் அது நிற்கும். மேய்ச்சல் நிலம் பயிராகக் கருதப்படாததால் இந்த இழப்புக்கும் ஏக்கர் கணக்கு கிடையாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. உலர்தீவனக் கிடங்குகள் திறந்து மானிய விலையில் கொடுத்தார்கள். தீவனப்பயிர் வளர்க்க விதையும் நிதியும் ஒதுக்கினார்கள். கிடங்கு பக்கத்தில் இருந்தவர்கள் பயன் பெற்றார்கள். வண்டி வாடகை கொடுத்து வர வேண்டியவர்களுக்கு மானியம் வாடகையிலேயே கரைந்தது.

சந்தை

தீவனம் தீர்ந்தவர் மாட்டை விற்பார். எல்லோரும் ஒரே மாதத்தில் விற்கும்போது கறவை மாடும் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். மணப்பாறை, அந்தியூர், பொள்ளாச்சிச் சந்தைகளை நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டு இன்னொரு இடி விழுந்தது. 2017 மே 23 அன்று மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகள், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடை செய்தன. மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த விதிகளின் சரி, தவறு பற்றித் தனியே பேசலாம். நூற்றாண்டு காணாத வறட்சியின் உச்சத்தில், அக்னி நட்சத்திரம் முடியாத ஒரு வாரத்தில், கறவை வற்றிய மாட்டை விற்று மீதி இரண்டைக் காப்பாற்ற நினைத்தவரின் கையைக் கட்டியது பெரும் கொடுமை என்பதே என் எண்ணம்.

கிடேரிகளும் (இன்னும் ஈனாத இளம் பசுக்கள்) விற்கப்பட்டன. சினைக்கு வராத கிடேரி தின்னும், கறக்காது. முதலில் கண்ணில் படும் சுமை அதுதான். அதை விற்றால் அடுத்த கறவை மாடு உருவாக மூன்று வருடம் ஆகும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில், 2012ஐ ஒப்பிடும்போது தமிழகத்தின் எருமைகள் 7.8 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 5.2 லட்சமாகக் குறைந்திருந்தன; வெள்ளாடுகள் 81 லட்சத்திலிருந்து 99 லட்சத்தை நெருங்கியிருந்தன. எருமை குறைவது நெடுங்காலப் போக்கு; அதை ஒரு வறட்சியின் தலையில் கட்ட முடியாது. ஆயினும், இலை தழை தின்று, கொஞ்சம் தண்ணீர் குடித்து, அவசரத்துக்கு ஒன்றொன்றாக விற்கக்கூடிய வெள்ளாட்டின் பக்கம் மக்கள் சாய்வதில் வியப்பில்லை.

மழை வந்த பிறகு

2017 ஆகஸ்ட், செப்டம்பரில் நல்ல மழை பெய்தது. அக்டோபர் 2 அன்று மேட்டூர் திறந்தது. வறட்சியில் தப்பிய மாடுகளுக்கு உண்மையான ஆபத்து அந்த வாரங்களில்தான் இருந்தது, ஏனென்றால் பசித்த மாடு பச்சையைக் கண்டால் நிற்காது.

சோளம் இதில் மிகக் கொடியது. வாடிய சோளத்திலும், மழைக்குப் பின் கட்டையிலிருந்து துளிர்க்கும் இளந்தளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலத்தை விடுவிக்கும் நச்சு செறிந்திருக்கும். வெறும் வயிற்றோடு பத்து நிமிடம் மேய்ந்த மாடு, தள்ளாடி, மூச்சுக்குத் தவித்து, கால்களை உதைத்துக்கொண்டு விழும். ரத்தம் வழக்கத்தைவிடப் பளீரென்று சிவந்திருக்கும். ஆக்சிஜன் ரத்தத்தில் இருக்கும், திசுக்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவர் வந்து சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியாகப் போட்டால் பிழைக்கும். மருத்துவர் வரும்வரை உயிர் இருந்தால். பூத்த பிறகு அறுத்து, நன்றாக வெயிலில் காய வைத்த தட்டையில் இந்த நச்சு பெருமளவு குறைந்துவிடும். செம்மறிக்கு வேறொரு கண்டம்: திடீரென்று நிறையப் பச்சை மேய்ந்தால் துள்ளுமாரி நோய் வரும். காலையில் துள்ளித் துள்ளி விழுந்த குட்டி மதியத்துக்குள் செத்துப்போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

இந்தச் சாவுகளை வறட்சிச் சாவுகளாகவே எண்ண வேண்டும். நிவாரணக் கோப்பு அதற்குள் மூடப்பட்டிருந்தது. 32 லட்சம் விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் என்று 2017 பிப்ரவரியில் அறிவித்தாகிவிட்டது. மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி. கிடைத்தது 1,748 கோடி.

எங்கே திருத்த வேண்டும்

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்கும் அதே குழு, அதே நாளில், அந்த வயல் எத்தனை மாட்டுக்குத் தீனி போட்டது என்று படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதலாம். நிலமற்றவர்களின் மாடுகளைப் பால் சொசைட்டியின் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். அந்த ஏடு ஏற்கெனவே இருக்கிறது. மழை தவறியது டிசம்பரிலேயே தெரிந்துவிடுகிறது. பங்குனி வரை காத்திராமல், நல்ல விளைச்சல் உள்ள இடத்தில் வைக்கோலைத் தை மாதமே வாங்கிக் கட்டு கட்டி வைத்தால் விலை பாதிதான் இருக்கும்.

கையில் இருக்கும் வைக்கோலின் தரத்தையும் உயர்த்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாட்கள் மூடி வைக்க வேண்டும். பிரித்து ஆறவிட்டு, நெடி போன பிறகு கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது, குடித்தால் சாவுதான். அதிகாலையிலும் இரவிலும் தீனி, நடுப்பகலில் நிழலும் தண்ணீரும் என்று நேரத்தை மாற்றினாலே கறவை இறங்குவது ஓரளவு நிற்கும்.

பேரிடர் நிவாரண விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய். பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய். மறுபடி வகுத்தால் 86 நாட்கள் வருகிறது. வைக்கோலுக்கென்று ஒரு வரி அதிலும் சேர்க்கப்படவில்லை.